பின் அச்சின் பாரம்

அப்பா தன் பிக்கப் வண்டியின் முதுகில் பழைய கேம்பர் ஒன்றை ஏற்றி வந்த அன்று, ஹரோவில் எங்கள் தெருவே எட்டிப் பார்த்தது. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய பெட்டி வீடு. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, முன்விளக்குகள் மரங்களைப் பார்த்தன.

ஸ்கொட்லாந்து போகுமுன் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பிறகு படித்தது இயந்திரப் பொறியியல். ஆங்கிலத்தில் வரும் கவுன்சில் கடிதங்களைப் பத்து வயதிலிருந்தே நான்தான் அவருக்கு வாசித்துச் சொல்கிறேன். இதையும் என்னிடம் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானாகவே அவரை எடைமேடைக்குக் கூட்டிப்போனேன். பயணச் சாமானோடு நிறுத்துப் பார்த்தால், பின் அச்சில் அனுமதித்ததைவிட நூற்றறுபது கிலோ கூட.

“எந்த ஸ்பிரிங் போட்டாலும் அனுமதிச்ச அளவு ஏறாது, அப்பா. முதல்ல பாரத்தைக் குறைக்கவேணும். தண்ணியை இறக்குங்கோ. கிரைண்டர், சமையல் கிடாரம், அரிசி மூட்டை ஒண்டும் வேண்டாம். பிறகு ஸ்பிரிங்குக்கு ஒரு தகடு கூடப் போடலாம்.”

“கிரைண்டரை விட்டிட்டு உன்ர அம்மா வருவாவோ?”

சவுத்தாலில் வண்டி திருத்தும் கராஜ் வைத்திருந்த அவருடைய கூட்டாளி வேறு விதமாகச் சொன்னார். “பின் ஸ்பிரிங்கோட ரெண்டு காற்றுப் பை பூட்டுவம், அண்ணை. குதிரை மாதிரி நிமிர்ந்து நிக்கும்.” என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி கொம்பியூட்டரில படிச்சது. நாங்கள் ரோட்டில படிச்சனாங்கள்.”

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பைகளில் காற்றடித்ததும் வண்டி நிமிர்ந்தது.

“இப்ப என்ன சொல்லுறாய்?” என்று கேட்டார் அப்பா.

“உயரம்தான் மாறியிருக்கு. பாரம் மாறேல்லை.”

“படிச்சதுகளுக்கு எல்லாத்திலயும் பிழைதான்.”

கிரைண்டரோடுதான் புறப்பட்டோம். நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச நேரத்துக்குள் போக்குவரத்து அதிகாரிகள் மறித்து, ஓரமாக விட்டு எடை பார்த்தார்கள். பாரம் குறையும்வரை வண்டி நகரக்கூடாது என்றார் அதிகாரி.

அப்பா என் தோளைத் தொட்டார். “நீ கதை, பிள்ளை.”

காற்றுப் பை வண்டியைத் தூக்குமே தவிர, அச்சு சுமக்கக்கூடிய அளவைக் கூட்டாது என்று அதிகாரி விளக்கினார். முன்பு நான் சொன்ன அதே சொற்களில் அதை அப்பாவுக்குச் சொன்னேன். இம்முறை கைகட்டிக் கேட்டார்.

“ஓம், ஓம். விசயம் தெரிஞ்ச மனுசன்.”

தொட்டித் தண்ணீரைப் புல்லில் திறந்துவிட்டோம். போதவில்லை. மிச்சப் பாரத்தை ஏற்றிப்போக வெம்பிளியிலிருந்து மாமாவை வரச்சொல்லிவிட்டு, அப்பா மறுபடி என் பக்கத்தில் வந்து நின்றார்.

“எந்த ஸ்பிரிங் போட்டால் நல்லதெண்டு அவரைக் கேளன்.”

அன்றுவரை அவருக்காக மொழிபெயர்த்ததில் ஒரு சொல்லையும் நான் மாற்றியதில்லை. அதிகாரியிடம் போய், எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

“ஸ்பிரிங் விசயம் அவருக்குத் தெரியாதாம், அப்பா,” என்றேன்.