நாலாவது ஆளின் வலது கை

"நாலாவது ஆள்" என்ற பெயரை அவன் மனைவி முதன்முதலில் கேட்டது, கல்யாணமான மூன்றாம் நாள் காலை ஐந்தேகால் மணிக்கு, தொலைபேசியில். எடுத்து வாயைத் திறப்பதற்குள் ஒரு பெரியவர் குரல், "நாலாவது ஆள் கிளம்பிட்டானா? இங்க மூணு பேர் நின்னுக்கிட்டிருக்கோம்" என்றது. அவள் அப்போதுதான் புருஷன் வீட்டு மனிதர்களை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மூத்தவர் அச்சகத்தில் இருக்கிறார். அடுத்தவள் நாத்தனார், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில். கடைக்குட்டி தன் புருஷன். இதில் நாலாவது எங்கிருந்து வந்தது? மாமியாரை எழுப்பிக் கேட்டாள். மாமியார் கண்ணைத் திறக்காமலே, "எனக்கு மூணு போதும்னு டாக்டரே சொல்லிட்டாரு. அது உன் புருஷனைத்தான் கேக்கறாங்க, எழுப்பி விடு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பேட்மிண்டன் ஹால் ஒன்றில் அவனுக்கு வேலை. சந்தா கட்டிய உறுப்பினர்கள் வந்து ஆடிவிட்டுப் போகிற இடம். மூன்று பேர் வந்து ஒருவர் குறைந்தால் நாலாவதாக அவன் இறங்கவேண்டும். ஒருவர் மட்டும் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றால் வலைக்கு அந்தப் பக்கம் போய் நிற்கவேண்டும். காலையில் ஐந்தரை முதல் ஒன்பது, மாலையில் நாலு முதல் எட்டு. மற்றவர்கள் விளையாடுவார்கள், அவன் வேலை பார்ப்பான். வித்தியாசம் அவ்வளவுதான், வெளியே நின்று பார்த்தால் தெரியாது.

அந்த வேலை லேசுப்பட்டதில்லை. வந்தவர் வியர்த்து, சிரித்து, ஜெயித்த களைப்போடு வீட்டுக்குப் போகவேண்டும். ஆனால் விட்டுக்கொடுத்தான் என்று அவருக்குத் தெரியவே கூடாது. வரி ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது என்று இழுபறியில் நின்று ஜெயித்தால்தான் டீ குடிப்பார். துணிக்கடைக்காரருக்கு அதெல்லாம் ஆகாது, பத்துப் புள்ளியாவது முன்னால் இருக்கவேண்டும். பல் டாக்டரம்மாவுக்கு இடது முழங்கால் மடங்காது. அந்தப் பக்கம் வலையோரத்தில் ஷட்டிலைப் போட்டால் அன்றைக்கு அவன் சாப்பாடு அவனுக்கே இறங்காது. யார் தோள் எந்த உயரத்துக்கு மேல் வராது, யாருக்கு இடுப்பில் பெல்ட், யாருக்கு மூன்றாவது ஆட்டத்தில் மூச்சு வாங்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. நாலு பேர் கூடுகிற இடத்தில் ஒருவரைப் பார்த்தால் முகம் சட்டென்று நினைவுக்கு வராது. அவர் நடந்து வருகிற முழங்காலைப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிடுவான்.

ஒரு காலத்தில் அந்த ஆட்டத்தின்மேல் பைத்தியமாக இருந்தவன்தான். அம்மா வகையில் எல்லாருக்கும் நீளக் கை. ஸ்டூல் போடாமல் திரைச்சீலை மாட்டுகிறவர்கள். அப்பா வகையில் உட்கார்ந்தால் கால் ஆட்டாமல் இருக்கமாட்டார்கள். இரண்டும் ஒரே உடம்பில் வந்து சேர்ந்தால் வேறு என்ன ஆகும்? சித்தி வீட்டு மாடியில் துணி காயப்போடும் கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சித்தி பெண்ணோடு ஆடி ஆடி, சித்தப்பாவின் ஈரச் சட்டைகளில் ஷட்டில் பட்ட அச்சு இல்லாத சட்டையே கிடையாது. இருபது வயதில் நகரப் போட்டியில் அடுத்தடுத்து இரண்டு வருடம் கோப்பை வாங்கினான். இருபத்தைந்தில் ஹாலில் கூப்பிட்டார்கள். அச்சகத்துக்கு வரச்சொன்ன அண்ணனிடம், "பிடிச்சதுக்கே சம்பளம் தர்றாங்கண்ணே, இதுக்கு மேல என்ன வேணும்" என்றான். அண்ணன் மை படிந்த விரலைத் துடைத்தபடி, "அது சரி, லீவு நாள்ல என்ன பண்ணுவே?" என்று கேட்டார். அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது.

இப்போது லீவு நாள் வந்தால் வீடு படுகிற பாடு அவன் மனைவிக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஓய்வு. ஒழுகாத குழாயைக் கழற்றி வாஷர் மாற்றுவான். மாற்றிய பிறகு அது ஒழுகும். பீரோவை மேற்குச் சுவருக்கு நகர்த்துவான், மத்தியானம் பழைய இடத்துக்கே இழுப்பான். கதவு வரை போய் எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வருவான். டிவியில் பெரிய போட்டியின் கடைசி ஆட்டம் ஓடும், ஊரே பார்க்கும், இவன் சேனலை மாற்றி மழை வருமா வராதா என்று சொல்கிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். "உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். "பசிக்கிற மாதிரி இருக்கு. சாப்பிடப் பிடிக்கல" என்றான். அவள் தட்டை எடுத்து வைத்தாள். சாப்பாட்டைப் பற்றி அவன் சொல்லவில்லை என்று புரிய அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இந்த நேரத்தில்தான் அவள் தம்பி ஆட வந்து சேர்ந்தான். மோட்டார் சைக்கிள் உதிரி பாகங்கள் விற்கிறவன். எடையைக் குறைக்காவிட்டால் மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லிவிட, அத்தான் வேலை பார்க்கும் ஹாலிலேயே சந்தா கட்டினான். எடை குறைந்ததோ இல்லையோ, புத்தி அங்கேயே தங்கிவிட்டது. எட்டு மாதத்தில் மூன்று பேட், இரண்டு முழங்கால் உறை, நெற்றிக்கு ஒரு பட்டை. சாப்பிட உட்கார்ந்தால் கரண்டிதான் பேட். அன்றைய ஆட்டத்தை முதல் புள்ளியிலிருந்து மறுபடி ஆடிக் காட்டுவான், குழம்பு சுவரில் தெறிக்கும். அத்தானை வாரத்துக்கு இரண்டு முறை ஜெயித்துக்கொண்டிருந்தான், இருபத்தொன்று பதினெட்டு, இருபத்தொன்று பத்தொன்பது என்று. அந்தக் கணக்கைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தான். அத்தான் கேட்டுக்கொண்டே இருப்பான். ஒரு காலத்தில் தனக்கும் இப்படித்தானே கண் மின்னியது என்று நினைக்க நினைக்க அவனுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. மச்சினன் மேல் பொறாமை, அதுவும் பேட்டைத் திருப்பிப் பின்கையில் அடிக்கவே தெரியாத மச்சினன் மேல்.

உடை மாற்றும் அறையில் வரி ஆபீஸ் பெரியவர் ஒருநாள் போட்டு உடைத்தார். "உங்க அத்தான் யாரையும் ஜெயிக்கமாட்டாம்ப்பா. அதுக்குத்தானே சம்பளம்." அவர் சும்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தான் ஜெயித்ததும் அந்தக் கணக்கில் சேர்த்திதான் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும். மச்சினன் நாலு நாள் ஹால் பக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் அக்கா வீட்டுக்கு வந்தான், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அத்தான், ஞாயித்துக்கிழமை ஹால் மணிக்கணக்குல வாடகைக்கு விடுவாங்கல்ல, நான் ஒரு மணி நேரம் எடுத்திருக்கேன். ஒரே ஒரு தடவை என்னை உண்மையா அடிங்க. ரெண்டு புள்ளி வந்தா போதும், அது என்னோடதா இருக்கணும்" என்றான்.

அதே வாரத்தில் ஹால் செயலாளர் ஒரு தாளை அவன் கையில் கொடுத்திருந்தார். இன்னும் ஐந்து வருடத்துக்கு வேலை உறுதி, திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும். மச்சினன் கடையில் கவுண்டரில் நின்ற ஆள் மகளோடு இருக்கப் போய்விட்டதால் அந்த இடமும் காலியாகத்தான் இருந்தது. அவன் மனைவி அதை இரண்டு தடவை வாய்விட்டும் பத்துத் தடவை பெருமூச்சிலும் சொல்லிவிட்டாள். ஹாலா கடையா, என்ன முடிவு என்று கேட்டாள். "ஞாயித்துக்கிழமை ஆடிப் பாத்துட்டுச் சொல்றேன். அது இன்னும் உள்ள இருந்தா கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா எதுக்கு?" என்றான். அந்த மூன்று நாளும் அவன் பீரோவை நகர்த்தவில்லை. அவள்தான் அதைப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு ஹாலில் மூன்று பேர்தான்: அவன், மச்சினன், சுவரோரம் பெஞ்சில் பையோடு அவள். கல்யாணமான புதிதில் இரண்டு தடவை வந்து பார்த்தவள், அப்புறம் வந்ததில்லை. முதல் ஷட்டில் மேலே எழும்பியது. மச்சினன் வலது மூலையில் நின்றான். இடது பின் மூலை முழுக்கக் காலி, ஒரு கட்டில் போடலாம். அவன் அதைப் பார்த்தான், அங்கே அடிக்கத்தான் கையை ஓங்கினான். கடைசி நொடியில் மணிக்கட்டு தானாக இளகியது. ஷட்டில் மெத்தென்று போய் மச்சினனின் பேட்டில் உட்கார்ந்தது.

மறுபடி. வலையோரம் காலி; கை அங்கே போகவில்லை. மச்சினன் தடுமாறிக் கீழே உட்காரப் போன சமயம், முகத்துக்கு நேரே ஓங்கி அடிக்கவேண்டிய ஷட்டில். கை அதை உயரத் தூக்கி, அவன் எழுந்து நிற்க நேரம் கொடுத்து, எடுத்துக்கொள் என்று இறக்கியது. பல்லைக் கடித்தான். பேட்டை இறுக்கிப் பிடித்தான். கோடு கோடாகக் குறிபார்த்தான். பதினெட்டு வருடம் ஐம்பது பேருக்கு ஊட்டிய கை, அவன் பேச்சை அது கேட்கவில்லை. இருபத்தொன்று பதினேழு.

மச்சினன் பேட்டைப் பெஞ்சில் போட்டான். கண் சிவந்திருந்தது. "நான் என்ன பச்சப்புள்ளையா அத்தான்? அவ்வளவு கேட்டும் விட்டுக்கொடுக்கறீங்களே" என்றான்.

"விட்டுக்கொடுக்கல மாப்ள. ஜெயிக்கத்தான் ஆடினேன்."

"யாரு நம்புவா?"

பெஞ்சிலிருந்து அவள்தான் சொன்னாள். "நான் நம்பறேன். மூஞ்சியப் பாருடா, பொய் சொல்ற மூஞ்சியா அது."

மச்சினன் பார்த்தான். பதினான்கு வருடமாகப் பார்த்த முகம்தான், ஆனால் தொலைந்துபோனவன் வழி கேட்கிற மாதிரி இருந்தது. பாட்டிலை நீட்டினான். அத்தான் தண்ணீரைக் குடிக்கவில்லை. கோர்ட்டின் நீளத்துக்குப் போனான், வந்தான், திரும்பப் போனான். வலது கையை மடக்கி மடக்கிப் பார்த்தான், அடுத்த வீட்டுக்காரன் கையைப் பார்க்கிற மாதிரி. அப்புறம் பேட்டை இடது கைக்கு மாற்றினான்.

"என்ன அத்தான், கேலியா?"

"இல்ல. இது இதுவரைக்கும் யாருக்காகவும் ஆடினதில்ல. நீ போடு."

இடது கை முதல் ஷட்டிலைக் காற்றில் தேடிவிட்டு வந்தது. இரண்டாவது பேட்டின் சட்டத்தில் பட்டு மேல் விளக்குக்குப் போனது. மூன்றாவது வலையில். மச்சினனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். ஏழு புள்ளி போன பிறகு ஒன்று பட்டது. காலியாக இருந்த இடது மூலையை அவன் பார்த்தான். அந்தக் கைக்கு மரியாதை தெரியாது, யார் முழங்காலும் தெரியாது. பார்த்த இடத்துக்கே அடித்தது. மச்சினன் ஓடி, எட்டி, விழுந்து, தொடமுடியாமல் தரையில் கிடந்தான். அத்தானுக்கு ஒரு புள்ளி. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, சிரிப்பும் இல்லை இருமலும் இல்லை. அவன் மனைவி பையைக் கீழே வைத்தாள்.

இருபத்தொன்று ஆறில் தோற்றான். உடனே இன்னொன்று ஆடவேண்டும் என்றான். இன்னொன்று ஆடினார்கள், இருபத்தொன்று ஐந்து. வாடகை எடுத்த ஒரு மணி நேரம் முடிந்து அடுத்த கோஷ்டி வாசலில் வந்து நின்ற பிறகும் அவன் கோர்ட்டை விட்டு வெளியே வரவில்லை. அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து வந்தார்கள்.

திங்கட்கிழமை செயலாளரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தான், கையெழுத்து இல்லாமல். அது உள்ளேதான் இருந்தது, சம்பளத்துக்கு ஆடிய கையில்தான் இல்லை. அவர் பதறிப்போனார். கையில் ஏதாவது வலியா, டாக்டரம்மாவிடம் சொல்லட்டுமா என்றார். "வலியெல்லாம் இல்ல சார். கை ரொம்ப நல்லா வேலை செய்யுது, அதான்" என்றான். அவருக்கு அது விளங்கவில்லை. வரி ஆபீஸ் பெரியவர் ஒரு வாரம் டீயே குடிக்கவில்லை என்று கேள்வி. புதிதாக வந்த நாலாவது ஆள் அவரை இருபத்தொன்று ஒன்பதில் தோற்கடித்துவிட்டானாம்.

இவன் இப்போது மச்சினன் கடையில் கவுண்டரில் நிற்கிறான். பிரேக் கேபிள் எது, கிளட்ச் கேபிள் எது என்று இன்னும் மாற்றி எடுத்துக் கொடுக்கிறான். நின்ற இடத்தில் நிற்பதில்லை, ஒரு நட்டுக்காக மூன்று தடவை குடோனுக்குப் போய்வருகிறான். அந்தப் பரபரப்பு அப்பா வகை, அது போகாது. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வாடிக்கையாளர் சொல்வது பாதிதான் காதில் விழும்.

ஹாலில் இருந்த அத்தனை வருடமும் அவன் ஒரு தடவைகூடக் கோட்டுக்குச் சண்டை போட்டதில்லை. எதிராளி அடித்தது வெளியே விழுந்தாலும் உள்ளே என்பான். தான் அடித்தது உள்ளே விழுந்தாலும் வெளியே என்று அவனே சொல்லிவிடுவான். இன்று ஞாயிற்றுக்கிழமை. இடது கையால் அடித்த ஷட்டில் பின் கோட்டில் விழுந்தது, மச்சினன் வெளியே என்றுவிட்டான். அவன் வலைக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனான். இப்போது அவன் மச்சினனின் பின் கோட்டருகே குந்தி உட்கார்ந்திருக்கிறான், ஷட்டில் விழுந்த இடத்தில் விரலை ஊன்றியபடி, வந்து பார்க்கிற வரைக்கும் எடுக்கமாட்டேன் என்று.