உறைந்த சர்வரும் தாய்மாமன் மடியும்

குளிர்காலம் வந்துவிட்டால், மதியச் சாப்பாட்டு வேளையில் எங்கள் தில்லி அலுவலகமே நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு புல்வெளிக்குப் போய்விடும். நிழல் தேடி வளர்ந்த விருதுநகர்க்காரனுக்கு, மனிதர்கள் வெயிலைத் தேடி ஓடுவது இன்றும் விநோதம்தான். கடலையை உரித்துக்கொண்டு முதுகை வெயிலுக்குக் கொடுத்தவர்களுக்கு எழுந்து வர மனமே இருக்காது. அவர்கள் வெளியே இருக்கும் அந்த நேரத்தில்தான் நான் சர்வரில் உள்ள கோப்புகளை எல்லாம் டேப்பில் பேக்கப் எடுப்பேன். இரவில் எடுக்கலாமே என்பீர்கள். எங்கள் பகுதியில் இரவு மின்சாரத்தை நம்பியவன் கெட்டான்.

அந்தத் தை மாதம் சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். அன்றே சனி பிடித்தது. பேக்கப் தொடங்கிய சற்று நேரத்தில் சர்வர் அப்படியே உறைந்துவிடும். எந்த விசையைத் தட்டினாலும் அசையாது. அணைத்து மறுபடி எழுப்பினால், வட்டு முழுவதையும் அது சரிபார்த்து முடிக்கவே மாலையாகிவிடும். புல்வெளியில் இருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். "சர்வர் ஃபிர் ஸோ கயா? அச்சா ஹை!" என்பார் கணக்குப் பிரிவு குப்தா. மறுபடி தூங்கிவிட்டதா, நல்லது என்று அர்த்தம். எனக்கு அழுகை வரும்.

காரணம் என் தங்கை மீனா. அடுத்த திங்கட்கிழமை அவள் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் நான் ஒருவன்தான் அவளுக்குப் பிறந்தகம். "அவ அண்ணன் டில்லிக்காரனா ஆயிட்டான், வரமாட்டான்" என்று அவள் மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மீனா அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"நீ வந்துருவேல்லண்ணே? நீ வரலேன்னா இந்த வீட்ல நான் தலை நிமிரவே முடியாது."

"டிக்கெட் எடுத்தாச்சு தாயி. வெள்ளிக்கிழமை ஏறிருவேன்."

மேலாளர் பாட்டியா கெட்டவர் இல்லை. ஒரே ஒரு முழு பேக்கப் எடுத்துவிட்டுப் போ என்றார். வட்டு கெட்டால் நிறுவனமே தெருவுக்கு வந்துவிடும் என்ற பயம் அவருக்கு. காதுகுத்தைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பச்சே கா பாப் தோ வஹீன் ஹை ந?" என்றார். குழந்தையின் அப்பா அங்கேதானே இருக்கிறார்! அன்றைக்கு அப்பாவுக்கு அங்கே வேலையே இல்லை என்பதை எந்த மொழியில் சொல்வது? சர்வர் அறைக்கே திரும்பினேன்.

வியாழக்கிழமை, இணையக் குழு ஒன்றில் நான் கேட்டிருந்த கேள்விக்கு முகம் தெரியாத யாரோ பதில் எழுதியிருந்தார். வட்டில் ஆளுக்கு இவ்வளவு இடம் என்று வரம்பு வைத்திருந்தால், புதிய பதிப்பில் பேக்கப் அந்தக் கணக்கோடு முட்டிக்கொண்டு உறையுமாம். எங்களிடம் அந்த வரம்பு இருந்தது. ஊழியர்கள் கல்யாணப் படங்களாகப் போட்டு நிரப்பியதால் தலைமை அலுவலகம் வைத்த வரம்பு அது. ஒரே ஒரு கட்டளையில் எடுத்துவிடலாம். ஆனால் அங்கிருந்து அனுமதி வராமல் கை வைக்கக் கூடாது என்றார் பாட்டியா. வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் மேசை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. ரயில் போய்விட்டது.

திங்கட்கிழமை காலையில் அனுமதி வந்தது. மதியம் வரம்பை எடுத்துவிட்டு பேக்கப்பைத் தொடங்கினேன். டேப் கடைசிவரை சுற்றியது. குப்தா உள்ளே வந்து எட்டிப் பார்த்து, சர்வர் விழித்திருப்பது கண்டு முகம் வாடித் திரும்பினார். அப்போது போன் அடித்தது. மீனா.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"இவனோட சித்தப்பா மடியில வைக்கலாம்னாங்கண்ணே. நான் விடல. பெட்டியில கிடந்த உன் பழைய சட்டைய எடுத்து மணைப்பலகையில விரிச்சு, அதுமேல உக்கார வச்சுக் குத்தினோம். எங்கத்தையும் நின்னு பாத்தாங்க."

"அழுதானா?"

"அழுது, சட்டையிலயே ஒண்ணுக்குப் போயிட்டான்." சிரிக்க முயன்றாள். "தொவைச்சுறவாண்ணே?"

"ஹோ கயா?" என்று கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பாட்டியா கேட்டார். ஆகிவிட்டது என்று அவருக்குத் தலையாட்டினேன்.

"வேணாம் தாயி," என்றேன் போனில். "அப்படியே மடிச்சு வை."