ரீஸ்லிங்குக்கு எந்தக் கறி

டெனிஸ்டன் கழுவிய வைன் கிளாசுகளை வரிசையாக அடுக்கினால் பாரிஸ் லா சப்பலில் இருந்து யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரைவரை போகும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பரப்பியவர் வேறு யாருமில்லை, டெனிஸ்டனேதான். பாரிசுக்கு வந்த காலந்தொட்டு பெரிய உணவகம் ஒன்றின் பின்பக்கத்தில் பாத்திரம் கழுவுகிறார். மெல்லிய காம்புக் கிளாசை உடையாமல் பிடிப்பது அவருக்குத் தண்ணிபட்ட பாடு. அதற்குள் என்ன ஊற்றுகிறார்கள், எந்தச் சாப்பாட்டோடு குடிக்கிறார்கள் என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. அவரிடம் வருவது வெறுங் கிளாஸ்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் மகள் பேர்ளி ரெலிபோன் எடுத்தாள். அவள் லூடோவிக் என்ற பிரெஞ்சுப் பெடியனைக் கட்டப்போகிறாள்.

"அப்பா, லூடோவிக்கின்ரை அம்மாவும் அப்பாவும் வாற சனிக்கிழமை எங்கடை வீட்டை வருகினம். அல்சாசிலை இருந்து தங்கடை ஊர் ரீஸ்லிங் வைன் கொண்டு வருவினமாம். அதோடை சேருற மாதிரிச் சமையுங்கோ."

டெனிஸ்டன் மனைவி ஞானமலரிடம் போய்ச் சொன்னார். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"கறிக்குத் தோதா ஒரு வைன் எண்டால் விளங்குது. வைனுக்குத் தோதாக் கறி வைக்கிறதோ?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் ஆட்களின் வீடுகளில் போத்தல் வேறு, சோறு வேறு. ஆண்கள் முதலில் பொரித்த இறைச்சியோடு போத்தலை முடிப்பார்கள். சோறு வந்தால் போத்தல் எழும்பிப் போய்விட வேண்டும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து மாறிமாறி வாயில் போடுவது எந்த ஊர் ஒழுங்கு என்று இருவருக்கும் பிடிபடவில்லை.

ஆனாலும் டெனிஸ்டன் விடுவதாக இல்லை. மகள் ஒரு நாளும் தன்னைப் பற்றி வெட்கப்படக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கவலை. லூடோவிக்கின் தகப்பன் பெரிய கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பேர்ளி அவர்களுக்குச் சொல்லியிருக்கிறாளா என்றுகூட டெனிஸ்டனுக்குத் தெரியாது. கேட்கப் பயம். அந்த ஒரு சாப்பாட்டை ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

உணவகத்தில் வைனுக்குப் பொறுப்பானவரைப் பிடித்துக் கேட்டார். ரீஸ்லிங் உறைப்புச் சாப்பாட்டுக்கு நல்லது என்றார் அவர். டெனிஸ்டனுக்குப் பெரிய நிம்மதி. போகிற போக்கில் அவரே அந்த நிம்மதியையும் கெடுத்தார். ரீஸ்லிங்கில் கொஞ்சம் இனிப்பு உள்ளதும் உண்டு, இனிப்பே இல்லாததும் உண்டு, உறைப்புக்குச் சேருவது இனிப்பு உள்ளதுதான், மற்றதைக் குடித்தால் வாய் இன்னும் எரியும் என்றார்.

"அவையள் கொண்டு வாறது எது பிள்ளை, இனிப்போ இல்லையோ?" என்று மகளிடம் கேட்டார். தனக்குத் தெரியாது என்று அவள் பிரெஞ்சில் சொல்லி ரெலிபோனை வைத்துவிட்டாள்.

ரூ பெர்தொனே தெருவில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் தில்லையம்பலத்திடம் போனார். தில்லையம்பலம் எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு வைத்திருப்பவர்.

"தம்பி, வெள்ளைக்காரருக்கு எதைக் குடுத்தாலும் நல்லாயிருக்கெண்டுதான் சொல்லுவாங்கள். நீர் ரெண்டு கிலோ முருங்கைக்காயைக் கொண்டு போம்."

முருங்கைக்காயைப் பிரெஞ்சுக்காரருக்கு எப்படிச் சப்பக் காட்டுவது என்று யோசித்தபடியே வாங்கிக்கொண்டு வந்தார். குழப்பத்தில் இருக்கிறவனிடம் எதையும் விற்கலாம்.

கடைசியில் இனிப்பு உள்ளதில் ஒன்று, இல்லாததில் ஒன்று என்று இரண்டு போத்தல் வாங்கி, வேலையில்லாத நாள்களில் வீட்டிலேயே பரீட்சை வைத்தார்கள். பூசையில் பாதர் குடிப்பதைப் பார்த்ததோடு சரி, ஞானமலருக்கு வைன் பழக்கமே இல்லை. முதல் மிடறுக்கு முன் கை தானாகச் சிலுவை போட்டது. மீன்குழம்போடு இனிப்பில்லாததைக் குடித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கறித்தூள் நெருப்பாய் எரியுது" என்றாள். இனிப்பு உள்ளதைக் குடித்துவிட்டு, "இது சர்பத்து" என்றாள். சொதியோடு குடித்தபோதுதான் பேச்சு நின்றது. தேங்காய்ப்பாலும் தேசிக்காய்ப்புளியும் இரண்டு வைனோடும் ஒட்டிக்கொண்டன. எந்தப் போத்தல் என்றாலும் பாதகமில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சம்பந்தி வீட்டாருக்கு முதல் சாப்பாடு நெடுக வைக்கிற சொதியோ? ஆரும் கேள்விப்பட்டால் காறித் துப்புவினம்" என்றாள் ஞானமலர்.

அதுவும் சரியாகத்தான் பட்டது. ஆகவே சனிக்கிழமை இடியப்பம், சொதி, உருளைக்கிழங்குப் பால்கறி, ஆட்டிறைச்சிக் கறி, இறால் பொரியல், கணவாய், முருங்கைக்காய் என்று எல்லாவற்றையும் சமைத்தார்கள்.

லூடோவிக்கின் தகப்பன் அந்துவான் போத்தலைக் குளிரோடு கொண்டுவந்து, தானே திறந்து ஊற்றினார். லூடோவிக்கையும் தாய் தகப்பனையும் பேர்ளியையும் இருத்தி, நாலு சாப்பாட்டுக் கோப்பை வைத்து, டெனிஸ்டனும் ஞானமலரும் முறைப்படி பக்கத்தில் நின்று பரிமாறினார்கள். விருந்தாளி வயிறாரச் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் வீட்டுக்காரர் வாயில் வைப்பது.

யாரும் சாப்பிடவில்லை.

அந்துவான் சிரித்தபடி இருந்தார். அவர் மனைவி கையை மடியில் வைத்திருந்தார். முள்ளுக்கரண்டிகள் வைத்தது வைத்தபடி கிடந்தன. டெனிஸ்டன் போத்தலைக் களவாகப் பார்த்தார். அதில் எழுதியிருந்தது அவருக்கு விளங்கவில்லை. சொதி சேரவில்லைப் போலும் என்று நினைத்து அதை நகர்த்திவிட்டு ஆட்டிறைச்சியைக் கிட்ட வைத்தார். அப்போதும் ஒருவரும் தொடவில்லை. இறாலைக் கொண்டுவந்தார். இறாலுக்கு எண்ணெய் கூடிப்போச்சோ என்று கணவாயைக் கொண்டுவந்தார். சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள் என்று பிரெஞ்சில் கெஞ்சினார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார்கள். முருங்கைக்காய்ச் சட்டியோடு அவர் வந்தபோது பேர்ளி பொறுமை இழந்தாள்.

"அப்பா, இது உங்கடை ரெஸ்ரோறன் இல்லை."

மெதுவாக, தமிழில்தான் சொன்னாள். டெனிஸ்டன் சட்டியைத் திருப்பிக்கொண்டு குசினிக்குப் போனார். தான் பயந்த அந்த வெட்கம் கடைசியில் வந்தேவிட்டது என்று நினைத்தார். பேர்ளி பின்னாலேயே வந்தாள்.

"ரெஸ்ரோறனிலை நான் மேசைப் பக்கமே போறேல்லை பிள்ளை. என்னை அங்கை ஆரும் விடமாட்டினம். இது எங்கடை வீட்டு முறை. உனக்கு வெக்கமா இருக்கோ?"

பேர்ளி முதலில் பிரெஞ்சில் தொடங்கினாள். பிறகு அதை விட்டுவிட்டுத் தமிழைத் தேடித்தேடிச் சொன்னாள்.

"வெக்கம் இல்லை அப்பா. உங்கடை வேலையை அவைக்கு முதல் நாளே சொல்லிப்போட்டன். என்ரை முதல் நன்மை விருந்துக்கும் நீங்கள் நிண்டு பரிமாறினனீங்கள். பிறந்தநாளுகளுக்கும் நிண்டனீங்கள். படங்களிலை உங்கடை கையும் கரண்டியும்தான் இருக்கு. முகம் இல்லை. நான் ஒருநாளாவது உங்களுக்குப் பக்கத்திலை இருந்து சாப்பிடக்கூடாதோ?"

டெனிஸ்டன் சட்டியை அடுப்பில் வைத்தார். இத்தனை காலம் மரியாதை என்று நினைத்து நின்றது இவளுக்குத் தான் பக்கத்தில் இல்லாததாகவா தெரிந்தது? அப்படியானால் இதுவரை நின்ற நிலையெல்லாம் என்ன? அவரால் அந்த முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. மகள் அதற்குள் குசினி ஸ்டூலை ஒரு கையிலும் வாசலில் வந்து நின்ற தாயை மறு கையிலும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். லூடோவிக் எழும்பி அறைக்குள் இருந்து இன்னொரு கதிரை கொண்டுவந்து தன் கதிரைக்கும் பேர்ளியின் கதிரைக்கும் நடுவில் போட்டான்.

ஞானமலர் ஸ்டூலில் கூச்சத்தோடு குந்தினாள். கடைசியாக டெனிஸ்டன் கதிரையில் இருந்தார்.

அவர் இருந்த அந்த நிமிடமே முள்ளுக்கரண்டிகள் எல்லாம் மேலே எழும்பின.

டெனிஸ்டன் திகைத்துப்போய்ச் சுற்றிப் பார்த்தார். அந்துவான் இடியப்பத்தைச் சொதியில் தோய்த்து அவசர அவசரமாகச் சாப்பிட்டார், நல்ல பசி போலிருந்தது. அவர் மனைவி கணவாயை எடுத்தார். கறிகள் எல்லாம் ஆறிப்போயிருந்தன. இவ்வளவு நேரமும் இந்த மனிதர்கள் காத்துக்கொண்டிருந்தது சொதிக்கும் இல்லை, இறைச்சிக்கும் இல்லை, தனக்கு என்பது டெனிஸ்டனுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு மேசை முழுவதும் அவருக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

அந்துவான் அவருடைய கிளாசுக்கும் ஊற்றினார். எப்படி, சாப்பாட்டோடு சேருகிறதா என்று கேட்டார்.

டெனிஸ்டன் ஒரு மிடறு குடித்தார். இனிப்பா இல்லையா என்று பார்க்க மறந்துபோனார்.

"ஓம்" என்றார், தமிழிலேயே.