பாவு பிணைக்கும்போது சொன்ன சுவிசேஷம்

2025 ஜூலை 14, திங்கட்கிழமை, காலை ஆறு நாற்பது. இரவெல்லாம் பெய்த மழை தூறலாகக் குறைந்திருந்தது, வானம் மூட்டம். என் வாசலிலிருந்து பதினொரு அடி நடந்தால் பக்கத்து வீடு. அங்கே இருக்கும் நெசவாளருக்கு வியாழக்கிழமை சென்னையில் இருதய ஆபரேஷன். அதற்குள் அவரிடம் கிறிஸ்துவைப் பற்றிப் பேசிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு படியேறினேன்.

முப்பத்தோரு வருடப் பழக்கம். வாரத்துக்கு இரண்டு என்று வைத்தாலும் அந்த வீட்டில் மூவாயிரத்து இருநூறு காபிக்கு மேல் குடித்திருக்கிறேன். கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இந்த எண்ணிக்கை தானாக வந்து நிற்கிறது. அத்தனையில் ஒரு தடவைகூட என் விசுவாசத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தேன். இரட்சிக்கப்படுகிறவர்களைக் கடவுள் உலகம் உண்டாவதற்கு முன்பே குறித்துவிட்டார் என்பது எங்கள் சபையில் எனக்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுத்தது. குறித்தவனை அவரே கொண்டுவந்து சேர்ப்பார். மற்றவனிடம் நான் தொண்டை வறளப் பேசி என்ன ஆகப்போகிறது? எல்லோரிடமும் போய்ச் சொல்ல வேண்டும் என்ற கட்டளையையும் அதே சபைதான் சொல்லிக்கொடுத்தது. முதலாவதை இறுகப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை நழுவவிட்டேன். உண்மையில் எனக்கிருந்தது பயம். சொன்னால் அந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளுமோ என்ற பயம்.

அவர் தறியின் பின்னால் உட்கார்ந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. முடிந்துபோன பாவின் ஒவ்வொரு இழை முனையோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். நாலாயிரத்து எண்ணூறு இழை. கட்டம் போட்ட புடவை என்பதால் நிற வரிசை பிசகக் கூடாது. அதை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனால், அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது மனைவி நெய்துகொள்வார்.

"வா வாத்தியாரே. இன்னா, கோழி கூவறதுக்கு முன்னாடியே?"

"ஒண்ணு பேசணும்பா. வியாழக்கிழமைக்குள்ள பேசியாகணும்."

"பேசு. காதுதான் சும்மா இருக்குது."

சொன்னேன். பாவம், மன்னிப்பு, சிலுவை, உயிர்த்தெழுதல் எல்லாவற்றையும் சொன்னேன். முன்குறித்தலை ஒளித்துவைப்பது நேர்மையில்லை என்று பட்டதால் அதையும் சொன்னேன். அவர் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

"இரு இரு. யாரு யாரு வரணும்னு உங்க சாமி முன்னாடியே எழுதிட்டாருன்ற. என் பேரு இருந்தா நீ சொல்லாட்டியும் வந்துடுவேன். இல்லாட்டி நீ தலைகீழா நின்னாலும் வரமாட்டேன். அப்புறம் எதுக்குய்யா மழையில நனைஞ்சிக்கினு வந்த?"

"நான் சொல்லித்தான் நீ வரணும்னு எழுதியிருந்தா?"

"அப்ப இத்தினி வருசம் வாயே தொறக்கலியே. அதுவும் அவர் எழுதினதா?"

"இல்லப்பா. அது என் கோழைத்தனம்" என்றேன்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: "அண்ணே, பிணைக்கும்போது பேச்சுக் குடுக்காதீங்க. இழை மாறிடும்."

காதில் விழுந்தது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. இன்னும் நாற்பது நிமிடம் பேசினேன். கடைசியில் அவர் சொன்னார்: "எனக்கு எங்க சிவன் போதும்பா. ஆனா ஆபரேஷன் அன்னிக்கு உங்க சாமிகிட்டயும் சொல்லி வை. இத சொல்றதுக்குன்னு நீ வந்தது எனக்கு சந்தோசம்தான்."

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அவர் வீடு திரும்பிய பிறகு ஒன்பதாவது நாள், மனைவி நெய்த முதல் புடவையை, நூல் கொடுத்துக் கூலி தரும் முதலாளி விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். கரும்பச்சைப் பட்டைக்குள் ஒரு கருநீல இழை, தலைப்பிலிருந்து கடைசி வரை ஓடியிருந்தது. மழைக்கால மங்கலில் தறியில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. அதே பாவில் இனி நெய்யவேண்டிய மற்ற புடவைகளுக்கு அந்த இழையை அறுத்து மாற்றிவிட்டார்கள். இந்தப் புடவைக்குக் கூலியில் பிடித்துவிட்டார்கள்.

மார்பில் தையலோடு படுத்திருந்தவர் என்னைக் கண்டதும் சிரித்தார். "வாத்தியாரே, இந்த இழை மாறினதும் முன்னாடியே எழுதினதுதானா?"

ஆம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தப் பதில் எனக்குப் பழகினதுதான். "அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். ஆனா தங்கச்சி சொல்லியும் நிறுத்தாம பேசினது நான். பிடிச்ச கூலிய நான் தரேன்."

"அதெல்லாம் வாணாம்பா. விரல் என்னுது."

"வாய் என்னுது."

"சரி, காசு குடுத்துட்டா இனிமே பேச மாட்டியே?" என்று கண்ணடித்தார்.

"பேசுவேன். பாவு பிணைக்கிற அன்னிக்கு மட்டும் வரமாட்டேன்."

மூன்று நாள் அவர் வாங்க மறுத்தார். நான் மூன்று நாளும் போனேன். நாலாம் நாள் அவர் மனைவி கையில் கொடுத்துவிட்டு வந்தேன்: ஆயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.