வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகால்

குரோம்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனி வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்தது. டைரக்டர்கள் போர்டில் ஐந்து பேர். முதலாளி, அவருடைய இரண்டு பிள்ளைகள், சம்பந்தி. ஐந்தாமவர் எங்கள் தொழிற்சாலை மேலாளர், முஸ்லிம். ‘எல்லாரும் ஒரே குடும்பமா?’ என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டுவிட்டதால் அவசர அவசரமாக டைரக்டர் ஆக்கப்பட்டவர். கம்பெனி செக்ரட்டரியான நான் கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்புவேன், நடந்ததை மினிட்ஸில் எழுதுவேன். வாயைத் திறக்க மாட்டேன். சம்பளமே அதற்குத்தானோ என்று தோன்றும்.

கூட்டம் எப்போதும் வெள்ளிக்கிழமை, ராகு காலம் கழிந்து பன்னிரண்டேகாலுக்கு. மேலாளர் ஜும்ஆ தொழுகைக்குப் போகும் நேரமும் அதுதான். அடுத்தடுத்து இரண்டு கூட்டங்களுக்கு அவர் வரவில்லை, விடுப்புக் கடிதமும் தரவில்லை. மூன்றாவதையும் அப்படித் தவறவிட்டால் அப்போதிருந்த சட்டப்படி பதவி போய்விடும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் தாம்பரத்தில் ரயில் ஏறும்போதும் அதே நினைப்பு, சாயங்காலம் இறங்கும்போதும் அதே.

“ஒரு லெட்டர் மட்டும் குடுத்துடுங்க சார்” என்றேன் அவரிடம்.

“ஒவ்வொரு தடவையும் லெட்டர் குடுத்துகிட்டே இருக்கவாம்மா? அப்புறம் எதுக்கு டைரக்டர்?”

நேரத்தை மாற்றலாமா என்று கேட்க முதலாளியின் அறைக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் வேறு ஏதோ தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினேன். என் மேல் எனக்கே எரிச்சல்.

மூன்றாவது கூட்டத்துக்கு அவர் வந்துவிட்டார். தொழுகைத் தொப்பி சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், “அடுத்த தடவை ரெண்டரைக்கு வெச்சுக்கலாமா சார்?” என்றார்.

“பார்க்கலாம்” என்றார் முதலாளி. மூத்த பிள்ளை சாப்பாடு வந்துவிட்டதா என்று விசாரித்தார்.

வெளியே வந்ததும் மேலாளர் என்னிடம், “நான் கேட்டதை எழுதுவீங்களாம்மா?” என்றார்.

“கண்டிப்பா சார்.”

எழுதினேன். முதலாளி படித்துப் பார்த்து அந்த ஒரு வரியை மட்டும் அடித்தார். “இதெல்லாம் எதுக்கும்மா மினிட்ஸ்ல? அவர் நம்ம வீட்டு ஆள் மாதிரிதானே” என்று சிரித்தார். “சரி சார்” என்றேன். அந்த ‘சரி சாரை’ நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அடுத்த நோட்டீஸிலும் பன்னிரண்டேகால் என்றே டைப் செய்தேன். மேலாளர் அதைப் படித்துவிட்டு என்னிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். விடுப்புக் கடிதத்துக்குத்தான் என்று நினைத்து, அப்பாடா என்று எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே எழுதினார். டைரக்டர் பதவியிலிருந்து விலகுவதாக ஒரே வரி.

அதையும் மினிட்ஸில் நான்தான் எழுதினேன். அந்த வரியை யாரும் அடிக்கவில்லை.