கழுத்துப் பட்டையோட அண்ணாந்து குடிச்ச தண்ணி

இன்னைக்கு நடந்ததைக் கேளுங்க.

வில்பட்டியில நாத்தனாரைப் பாக்கப் போனேன். கேரட் தோட்டத்துல விழுந்து அடிபட்டு, கழுத்துக்குப் பட்டை போட்டிருக்காங்க.

கல்யாணமான புதுசுல நான் வாய் வச்சுக் குடிச்ச செம்பை வெளியே வீசினவங்க. மறக்கலை.

கழுத்து மடங்கலைன்னு உடம்பையே பின்னால சாய்ச்சு, தண்ணியை அண்ணாந்து ஊத்திக்கிட்டாங்க. பொரையேறிக் கண்ணு சொருகிருச்சு!

அவங்க மருமக ஓடிவந்து முன்னால சாய்ச்சுப் பிடிச்சா. "பட்டை போட்டா நாடி, தாடையெல்லாம் தூக்கி நிக்கும், விழுங்குறதே சிரமம். நேரா உக்காந்து, வாய் வச்சு மெதுவாக் குடிக்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல அத்தை!"

மூச்சு வந்ததும், "எச்சி பண்ணச் சொல்றியா?"ன்னு கேக்குறாங்க.

"உசுரு போனப்பறம் செம்பு சுத்தமாக் கெடந்து என்னத்துக்கு மதினி?"ன்னு கத்திட்டேன்.

வாய் வச்சுத்தான் குடிச்சாங்க, எங்களை வெளியே போகச் சொல்லிட்டு.

இப்படி ஒரு ஆளை நீங்க யாராவது பாத்திருக்கீங்களா?