லோரி நிறுப்பவன் சோற்றை விட்ட கதை

செம்பனை ஆலையில் லோரி நிறுக்கும் வேலையில் இருப்பவனுக்கு ஊரில் உள்ள எல்லா லோரியின் பாரமும் தெரியும், தன் பாரத்தை மட்டும் வேறு யாராவது சொன்னால்தான் தெரியும்.

எனக்குச் சொன்னது மருத்துவமனை. நூற்றுப் பதினான்கு கிலோ. ஈஜோக்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தாய் போகும் வழியில் ஓர் ஆலையில் பத்தொன்பது வருடமாக எடை மேடைக் கிராணியாக இருக்கிறேன். செம்பனைக் குலை ஏற்றிய லோரி உள்ளே வரும்போது ஒரு தடவையும், கொட்டிவிட்டு வெறுமனே திரும்பும்போது ஒரு தடவையும் நிறுத்துச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். எழுந்து நிற்கவே தேவையில்லாத வேலை. மதியம் மலைபோல் சோறு, நாலு மணிக்கு ரொட்டி சானாய், நடுநடுவே சீனி தூக்கலாகத் தே, அதாவது பால் தேநீர். இதைப் படிக்கும்போதே உங்களில் சிலர் வயிற்றைத் தடவிப் பார்ப்பீர்கள் என்று தெரியும்.

நான் மருத்துவமனைக்குப் போனது எனக்காக இல்லை. என் தங்கை மல்லிகா எங்கள் ஆலையில்தான் கென்டீன் நடத்துகிறாள். அப்போது இரண்டு வருடமாக அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி கோலா சிலாங்கூரில் டயாலிசிஸ். அந்த நாட்களில் அவள் கணவர் ரவி கென்டீனைப் பார்த்துக்கொள்வார். சிறுநீரகம் கொடுக்க ரவியின் இரத்தம் அவளுக்குச் சேரவில்லை, என்னுடையது சேர்ந்தது. ஆனால் தொண்ணூறு கிலோவுக்குக் கீழே வந்தால்தான் மற்றப் பரிசோதனைகளைப் பற்றியே பேச முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உணவு ஆலோசகர் சோறு, ரொட்டி, மீ நூடுல்ஸ், சீனி எல்லாவற்றின் மேலும் ஒரே கோடு போட்டார். என் மனைவி சாந்தியிடமும் ரவியிடமும் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். மல்லிகாவிடம் சொன்னால், உன் சிறுநீரகம் எனக்கு வேண்டாம் என்று அந்த நிமிடமே முடித்துவிடுவாள்.

முதல் நாள் தட்டு

மல்லிகா வழக்கம்போல் எனக்குச் சோற்றைக் குவித்துக்கொண்டிருந்தாள். சோறு வேண்டாம், இரண்டு கெம்போங் மீனும் ஒரு முட்டையும் வெண்டைக்காயும் போதும் என்றேன். காய்ச்சலா என்று கேட்டாள். இல்லை என்றேன். சாந்தியோடு சண்டையா என்றாள். அதுவும் இல்லை, சும்மா உடம்பைக் குறைக்கலாம் என்று பார்க்கிறேன் என்றேன். அள்ளிய சோற்றைத் திரும்பப் பானையில் கொட்டும்போது அவள் முகம் சுருங்கிவிட்டது. ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கையால் அவள் வடித்த சோறு அது.

"சோறு வேணாம்னா அப்புறம் கென்டீனுக்கு எதுக்குண்ணே வர்ற?"

நான்காம் நாள்

சோற்றை விட்டவர்களுக்கு இந்த நான்காம் நாளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தலை கனத்தது. கண்ணுக்கு முன்னால் வெள்ளை வெள்ளையாக எது போனாலும் சோறாகத் தெரிந்தது. அன்று முனியாண்டியின் லோரிக்குச் சீட்டு அடித்தேன். பத்து வருடமாக எங்கள் ஆலைக்குக் குலை ஏற்றி வருபவன், அவன் லோரி எண் எனக்குத் தூக்கத்திலும் வரும். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாம் தடவை எடையையே தப்பாகப் பதிந்துவிட்டு, அவன் மேலேயே எரிந்து விழுந்தேன். பின்னால் ஆறு லோரி ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றன. மணி இரண்டரை ஆகிவிட்டது. முனியாண்டி ஜன்னலில் கையை ஊன்றி, பொறுமையாகச் சொன்னான்.

"நீங்க சோறு சாப்பிடாம இருங்கண்ணே, நான் சாப்பிடணும், சீட்டக் குடுங்க."

பத்துக் கிலோவுக்குக் கீழே

இரண்டரை மாதம் கழித்து வீட்டுத் தராசு நூற்று ஏழு காட்டியது. அந்த ஏழு கிலோவுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முனியாண்டி நம்பவில்லை. லோரி இல்லாத நேரம் பார்த்து என்னை எடை மேடைமேல் ஏறி நிற்கச் சொன்னான். திரையில் 110 என்று வந்தது. சோற்றை விட்ட அன்று ஏறிப் பார்த்தபோதும் அதே 110தான். லோரி நிறுக்கிற மேடை, பத்துப் பத்தாகத்தான் எண்ணை மாற்றும். பத்தொன்பது வருடமாக இது தெரிந்தும், அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு அழுகை வராத குறை. அவன் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பத்துக் கிலோவுக்குக் கீழ இதுக்குக் கண்ணு தெரியாதுண்ணே, நீங்க பாட்டுக்குக் குறைங்க."

நோன்பு மாதம்

லோரி ஓட்டும் பாக் மான் நோன்பு மாதத்தில் கென்டீன் பக்கமே வரமாட்டார். என் அறையில் உட்கார்ந்து, மதிய இடைவேளையைத் தள்ளிவிட்டுப் போவார். நான் பாலும் சீனியும் இல்லாத தே ஓவைக் குடிக்காமல் ஓரமாக வைத்திருந்தேன். குடி, எனக்கு ஒன்றும் இல்லை என்றார். சோறு தின்று ஐந்து மாதம் ஆகிறது என்று அவரிடம் சொன்னேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார்.

"எங்களுக்கு ஒரு மாசத்துல பெருநாள் வந்துரும், உனக்கு எப்ப?"

மெலிய வைக்கும் கோப்பி

நூற்று மூன்றில் வந்து நின்றது, நின்றதுதான். ஏழு வாரம் ஒரு கிராம் அசையவில்லை. தின்பது அதே மீன், அதே முட்டை. சாயங்காலம் ஆலை வேலி ஓரமாக நடையும் சேர்த்துக்கொண்டேன். அந்த ஏழாவது வாரத்தில்தான் மல்லிகாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து, மூச்சு விட முடியாமல் அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். முகமூடிக்குள் அவள் மூச்சு இரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் உடம்புக்கு எந்த அவசரமும் இல்லை என்று ஆத்திரமாக வந்தது.

மறுநாள் முனியாண்டி ஒரு கோப்பிப் பொட்டலம் கொண்டு வந்தான். அவன் மனைவி விற்கிறாளாம், மாதம் பத்துக் கிலோ குறையுமாம். வாங்கியே விட்டேன். வெந்நீர் ஊற்றப் போகும் நேரத்தில் மனசு கேட்காமல் உணவு ஆலோசகருக்குப் போன் செய்தேன். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடியைக் குடித்துச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டால் தங்கைக்கு எதைக் கொடுப்பீர்கள் என்று கேட்டார். பொட்டலத்தை முனியாண்டியிடமே நீட்டினேன். அவன் அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"உண்மையச் சொன்னா, அவளே இதக் குடிக்கிறதில்லண்ணே."

மல்லிகாவுக்குத் தெரிந்த நாள்

எட்டாவது வாரம் தராசு அசைந்தது. மாதம் ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் இல்லை. தொண்ணூற்றெட்டில் இருந்தபோது அவசரத்துக்கு நான் கொடுத்திருந்த ரவியின் எண்ணுக்கு மருத்துவமனையிலிருந்து வந்த போனை மல்லிகா எடுத்துவிட்டாள். அடுத்த ஐந்தாவது நிமிடம் ஏப்ரனோடு என் அறை வாசலில் நின்றாள். வெளியே லோரிகள் வரிசை கட்டி நின்றன.

எனக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதைச் சொன்னாள். நாளைக்கு உனக்கே ஒன்று ஆனால் சாந்தி முகத்தில் நான் எப்படி முழிப்பேன் என்றாள். பழகிப்போன டயாலிசிஸோடு இருந்துகொள்கிறேன் என்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பத்து மாதமாக உன் கண்ணெதிரில் உன் சோற்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனது கால்சட்டை தொளதொளத்து இறங்குவதற்காகவா என்று மட்டும் கேட்டேன். அவள் என் மேசைமேல் இருந்த, கடையில் வாங்கிய பொரித்த கோழியைத் திறந்து பார்த்தாள். மேலே மாவு கனமாகப் பூசியிருந்தது. அதை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

"இனிமே வெளிய எதையும் தொடாத, நான் ஆக்கிப் போடுறேன், குறையலன்னா என்னைக் கேளு."

எண்பத்தொன்பது

அவள் சொன்னபடியே செய்தாள். டயாலிசிஸ் நாட்களில்கூட முதல் நாளே ஆக்கி, என் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போவாள். சோற்றை விட்டு ஒரு வருடம் நான்கு மாதத்தில் தராசு எண்பத்தொன்பது காட்டியது. அதற்கு அப்புறமும் பரிசோதனை, கேள்வி, கையெழுத்து என்று நான்கு மாதம். எடை அங்கேயே நிற்க வேண்டுமே என்று நானும் அந்தத் தட்டை விடவில்லை. அறுவைச் சிகிச்சை அன்று எங்களை அடுத்தடுத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

கண் விழித்ததும் விலாவில் வலி பிடுங்கியது. அவள் வேறு வார்டில் இருந்தாள், பார்க்க விடவில்லை. மறுநாள் காலையில் சாந்தி கைப்பேசியை என் காதில் வைத்தாள். மல்லிகாவின் குரல் கரகரத்தது. நன்றி, கின்றி என்று ஏதாவது சொல்லி என்னை அழ வைத்துவிடுவாளோ என்று பயந்தேன். மூன்று வருடத்துக்கும் மேலாகச் சொட்டுச் சொட்டாகக்கூடப் போகாதிருந்தவள், சின்னப் பிள்ளைபோல் சொன்னாள்.

"ஒண்ணுக்குப் போயிட்டேண்ணே."

மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக் குறைத்த இருபத்தைந்து கிலோ எங்கே போனது என்று எனக்குத் தெரியாது, ஒரே காலையில் என் விலாவிலிருந்து குறைந்த அந்த நூற்றைம்பது கிராம் மட்டும் இப்போது கென்டீனில் சோறு வடித்துக்கொண்டிருக்கிறது.